மூன்றாவது பார்வை

'ஒவ்வொரு பட்டுக்கு முன்னாலும் ஒரே மாதிரி செய்யுங்கள்.' கோல்ஃபில் எனக்கு அதிகம் கிடைத்த அறிவுரை இதுதான். (பட் என்றால், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய கிரீன் என்ற புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி. அதற்கான மட்டை பட்டர்.) பயிற்சியாளர் சொன்னார். யூடியூபில் தொப்பி போட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கிளப்பில் என்னைவிட மோசமாக ஆடுகிறவர்களும் கூசாமல் சொன்னார்கள். பந்துக்குப் பின்னால் போய்க் குந்து, பந்து உருளப்போகும் கோட்டை, அதாவது லைனைப் பார், இரண்டு தடவை சும்மா வீசிப் பார், மூச்சை விடு, குழியைப் பார், அடி. இடியே விழுந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன், ஆனால் மனசுக்கு ஒட்டவே இல்லை. 40 அடி பட்டும் 3 அடி பட்டும் ஒன்றா? காலை ஆறரைக்குப் பனி ஈரம் காயாத கிரீனும், பத்து மணிக்கு வெயில் ஏறின கிரீனும் ஒன்றா? எதிரில் இருக்கிற எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எதற்காக மாறாமல் நிற்க வேண்டும்?

இன்னொரு சந்தேகமும் இருந்தது. தோனி ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் கையுறையின் வெல்க்ரோவைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவார். அதனால்தான் சிக்ஸர் போனது என்று நாம் யாரும் சொல்வதில்லை. பட்டுக்கு முந்தைய இந்த வரிசையும் அந்த ரகம்தான் என்று நினைத்திருந்தேன். ஆடத் தெரிந்தவனுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் அவனுக்கு ஆட்டம் வந்தது என்று பார்க்கிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

இப்போது கட்சி மாறிவிட்டேனா என்றால், பாதி மாறியிருக்கிறேன். மீதிப் பாதியில் இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறேன். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று எனக்கே புரிவதற்கு நாள் பிடித்தது. புரிய வைத்தது பயிற்சியாளர் இல்லை, ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கி வரும் கேடிகள் கட்டிய ஒரு டீ பந்தயம். அதற்கு வருகிறேன்.

ஒரு டிகிரி

முதலில் கணக்கு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891இலிருந்து அதுதான் விதி, யாரும் பெரிதாக்கித் தரப் போவதில்லை. 10 அடி தள்ளி நின்று சமதரையில் குழியின் நட்டநடுவைக் குறி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஒரு டிகிரி, வலப்பக்கம் ஒரு டிகிரி, இதற்குள் பந்து கிளம்பினால் உள்ளே விழ வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் கிடையாது. அந்த ஒரு டிகிரியும் மெதுவாக வந்து விழும் பந்துக்குத்தான். வேகம் கூடினால் பந்து விளிம்பைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வேகமான பந்துக்குக் குழி சின்னது என்று கேடிகள் சொல்வது வெறும் பேச்சில்லை.

அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுகிறவர்கள், இதையே தொழிலாக வைத்து இழைத்துவிட்ட கிரீன்களில் ஆடுகிறவர்கள், 8 அடி பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். டிவியில் அப்படித் தெரியாது. டிவி காட்டுவது அன்றைக்கு ஜெயித்துக்கொண்டிருக்கிறவர்களை. 3 அடியில் அவர்கள் தவறவிடுவது அபூர்வம். 20 அடிக்குப் போனால் போடுவது அபூர்வம். ஆக, ஆள் யார் என்று தெரிவது இந்த 4 அடிக்கும் 10 அடிக்கும் நடுவில்தான். எங்களைப் போன்ற வார இறுதி ஆட்டக்காரர்களுக்கு அது இன்னும் கிட்டே வந்து, இரண்டரை அடியிலேயே தொடங்கிவிடும்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தில் படும் நேரத்தில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. நான் குந்தினேனா, மூச்சு விட்டேனா என்பது பட்டரின் முகத்துக்குத் தெரியுமா? என் எதிர்வாதம் இதில்தான் நின்றது. அடிக்கும் பாணியிலாவது எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனின் ஓப்பன் போட்டியை நான்கு தடவை ஜெயித்த தென்னாப்பிரிக்கர் பாபி லாக், இன்றைய பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்படி பட்டரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி அடித்தார். ஜப்பானின் இசாவோ அவோகி பட்டரின் மூக்கை வானத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்தார். 2015இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்த ஜோர்டன் ஸ்பீத் கிட்டத்துப் பட்டுகளில் பந்தையே பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டு அடித்தார். ஆளுக்கு ஒரு விதம்.

ஆனால் லாக்கைப் பற்றிப் படிக்கும்போது ஒன்று இடறியது. அவர் முதலில் லைனைப் பார்ப்பார். முக்கியமாகக் குழிக்கு முந்தைய மூன்றடியைப் பார்ப்பார், பந்து வேகம் இழந்து வளைவது அங்கேதான் என்பதால். அப்புறம் இரண்டு ஒத்திகை வீச்சு, ஒரு பார்வை, அடி. அந்தக் கடைசிப் பகுதி மாறவே மாறாது என்று அவரோடு ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முன்பகுதியில் அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார். மெதுவாக ஆடுகிறார் என்று திட்டும் வாங்கினார். இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை, படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

டீ பந்தயம்

நான் ஆடுவது சென்னையில். இங்கே கிரீனில் இருப்பது பெர்முடா புல். ஊட்டிக்குப் போய் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இதன் குணம் பிடிபடச் சில நாள் ஆகும். சரிவு ஒரு பக்கம் இழுக்கும், புல் சாய்ந்து வளரும் திசை, அதாவது கிரெயின், இன்னொரு பக்கம் இழுக்கும். கிரீன் வெளிறிப் பளபளவென்று தெரிந்தால் புல் நம்மைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, பந்து பாதியில் உட்கார்ந்துவிடும். குழியின் விளிம்பை நன்றாகப் பார்த்தால், ஒரு பக்கம் கத்தி போட்ட மாதிரி சுத்தமாகவும் எதிர்ப்பக்கம் பிய்ந்து காய்ந்த மாதிரியும் இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் என் பையைத் தூக்கி வரும் கேடி. ஐம்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் பந்து பொறுக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். 'ரெண்டு பந்து வெளிய, கிரெயின் எதிர்ல இருக்கு, கொஞ்சம் வச்சு அடிங்க சார்' என்று, குறியைக் குழிக்கு இரண்டு பந்து அகலம் வெளியே வைத்துச் சற்று அழுத்தி அடிக்கச் சொல்லி, ஒரே வாக்கியத்தில் முழு பட்டையும் சொல்லிவிடுவார். அவர் சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை. அப்புறம் நான் அடிப்பதுதான் தப்பும்.

ஒவ்வொரு அடியையும் எண்ணும் மாதாந்தர மெடல் ரவுண்டு ஒன்று முடிந்து, கணக்குத் தீர்க்க அவரைத் தேடிக்கொண்டு கேடிகள் உட்காரும் கொட்டகைப் பக்கம் போனேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடியதில் இன்னொருவருக்குப் பை தூக்கிய இளவட்டம் ஒருவர் இவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார், முகத்தில் அவ்வளவு விருப்பம் தெரியவில்லை. என்ன விசேஷம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், சொல்லவில்லை. கொஞ்சம் வற்புறுத்தினதும் இளையவர்தான் போட்டு உடைத்தார். 'உங்க பட்டுக்குத்தான் சார் பந்தயம். உள்ள போவுமா போவாதான்னு. அண்ணன் எப்பவும் ஜெயிச்சிடறாரு சார்.'

என் கேடி சங்கடப்பட்டார். 'தப்பா நினைச்சுக்காதீங்க சார். சும்மா டீக்குத்தான்.'

'பரவாயில்லண்ணே. எப்படி ஜெயிக்கிறீங்க, அதைச் சொல்லுங்க.'

டீயைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத பட்டரைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டினார். அச்சு அசல் நான். முட்டி, முதுகு, இடது தோளை ஒரு தரம் குலுக்கிக்கொள்வது எல்லாம் இருந்தது. தலையை மட்டும் திருப்பிக் குழி இருக்கும் பக்கம் பார்த்தார். திரும்பினார். மறுபடி பார்த்தார். 'ரெண்டு தடவை பார்த்துட்டு அடிச்சீங்கன்னா உள்ள போவும், இல்ல ஓரத்துல உரசும். மூணாவது தடவை பார்த்தீங்கன்னா முடிஞ்சுது சார், வெளியதான். நாலாவது பார்த்தா மூணு பட்டு, மூணு தடவை அடிச்சாதான் உள்ள போவும்.'

'இது எனக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா?'

'சொன்னா எண்ணிக்கிட்டே அடிப்பீங்க சார். அது இன்னும் மோசம்.'

அதுதான் நடந்தது. அடுத்த வாரம் பட்டரைக் கையில் எடுத்ததும் ஒன்று, இரண்டு என்று தானாக எண்ண ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது தடவை பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு அடித்ததில், பார்த்து அடித்ததைவிடக் கேவலமாகப் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பந்தை எடுத்துத் துண்டில் துடைத்துக் கொடுத்தார். ஆனால் அவர் சொன்ன அந்த எண்ணிக்கை என்னை விடவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அப்படி என்ன நடக்கிறது?

பின்னால் பார்த்ததும் பக்கத்தில் பார்ப்பதும்

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. லைனை நாம் முடிவு செய்வது பந்துக்குப் பின்னால் நின்று, இரண்டு கண்ணையும் குழிக்கு நேராக வைத்து. அடிப்பது பக்கவாட்டில் நின்று, தலையைக் குனிந்து, கழுத்தைத் திருப்பி. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே கோடு ஒரே மாதிரி தெரியாது. பின்னால் இருந்து பார்க்கும்போது வலது விளிம்பு என்று தெளிவாகத் தெரிந்தது, பக்கத்தில் வந்து நின்றதும் ரொம்ப வலது என்று தோன்றும். பட்டரின் முகம் எங்கேயோ பார்ப்பது போலவும் இருக்கும். முதல் பார்வையில் லேசாக உறுத்தும். இரண்டாவதில் பொறுத்துக்கொள்வோம். மூன்றாவது பார்வைக்குக் கழுத்து திரும்புகிறது என்றால், உள்ளே கேள்வி மறுபடி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கால் ஒரு லைனில் நிற்கும், தோள் இன்னொரு லைனுக்குத் திரும்பும், கை இரண்டுக்கும் நடுவில் சமரசம் பேசும். அந்த ஒரு டிகிரி அங்கே போய்விடும். மூன்றாவது பார்வையால் பட் தவறவில்லை. என் முடிவு கலைந்துவிட்டது என்பதை அது வெளியே காட்டிக்கொடுத்தது. அண்ணன் என் கழுத்தைப் பார்த்து என் மனசைப் படித்து டீ குடித்திருக்கிறார்.

கண் விஷயத்தில் ஆராய்ச்சியும் இருக்கிறது. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், பட் அடிக்கிறவர்களின் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து 1992இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். நன்றாக ஆடுகிறவர்களின் கண், அடிப்பதற்கு முன் பந்தின் மேல் ஒரே இடத்தில் இரண்டு மூன்று வினாடி அசையாமல் நிற்கிறது, அடித்த பிறகும் ஒரு நொடிக்கும் குறைவாக அங்கேயே நிற்கிறது. மற்றவர்களின் கண் பந்து, பட்டர், குழி, மறுபடி பந்து என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. குழியைப் பார்த்து அடித்த ஸ்பீத்தின் கதையும் இதற்கு முரண் இல்லை என்றே எனக்குப் படுகிறது. அவர் கண் வேறு இடத்தில் நின்றது, ஆனால் நின்றது.

இதற்கு அப்புறம், பெரிய ஆட்டங்களில் தவறிய சின்னப் பட்டுகளை மறுபடி தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்சம் குரூரமான பொழுதுபோக்குதான். 1989 மாஸ்டர்ஸில் நிக் ஃபால்டோவுக்கு எதிராக, சமநிலையை உடைக்கும் பிளே-ஆஃபின் முதல் குழியில் ஸ்காட் ஹோக்குக்கு இருந்தது சுமார் இரண்டடி. போட்டால் பட்டம். அவர் இந்தப் பக்கம் இருந்து பார்த்தார், அந்தப் பக்கம் இருந்து பார்த்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தவறவிட்டார். அடுத்த குழியில் ஃபால்டோ முடித்துவிட்டார். 2012இல் கலிஃபோர்னியாவில் நடந்த கிராஃப்ட் நாபிஸ்கோ மகளிர் போட்டியில் தென் கொரியாவின் கிம் இன்-கியுங்குக்கு இருந்தது ஓரடி. பந்து விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. பிளே-ஆஃபில் யூ சுன்-யங்கிடம் தோற்றார். (கிம் 2017இல் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பனை ஜெயித்தார். அதைச் சொல்லாமல் ஓரடியை மட்டும் சொல்வது நியாயமில்லை.) நம் அனிர்பன் லாஹிரி 2015இல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த, அமெரிக்க அணியும் சர்வதேச அணியும் மோதும் பிரெசிடென்ட்ஸ் கோப்பையின் கடைசி நாளில், 18ஆவது குழியில் சுமார் 4 அடியைத் தவறவிட்டார். அதற்குச் சற்று முன்னால்தான் எதிராளி கிறிஸ் கர்க் அதைவிட மூன்று நாலு மடங்கு தூரத்திலிருந்து போட்டிருந்தார். அமெரிக்க அணி 15½க்கு 14½ என்று ஜெயித்தது.

இவற்றில் என்னை அதிகம் நிறுத்தியது 1970. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஓப்பனின் கடைசிக் குழி. டக் சாண்டர்ஸ் மூன்றடிக்கும் குறைவான பட் ஒன்றைப் போட்டால் சாம்பியன். பந்தின் முன் நின்றுவிட்டார். தயாராகிவிட்டார். அப்போது லைனில் ஏதோ துரும்பு கண்ணில் பட்டிருக்கிறது. குனிந்து அதை எடுக்கிறார். ஆனால் காலை எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே குனிந்து, இருந்த இடத்திலேயே நிமிர்ந்து, அப்படியே அடிக்கிறார். பந்து வலது பக்கம் போகிறது, போகும்போதே அவர் உடம்பு அதைத் திருப்பிக் கூப்பிடப் பார்ப்பது போல முன்னால் சாய்கிறது. மறுநாள் 18 குழி பிளே-ஆஃபில் ஜாக் நிக்லஸிடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில், அதாவது ஒரே அடியில், தோற்றார். அந்தப் பழைய படச்சுருளைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயில் வருவது ஒன்றுதான்: எழுந்து விலகிப் போ ஐயா, முதலிலிருந்து வா.

நான் வைத்துக்கொண்டது

ஆகவே என் மாறின பாதியும் மாறாத பாதியும் இப்படி. லைனைப் பார்க்கும் வேலைக்கு ஒரே வரிசை, ஒரே நேரம் என்று வைப்பதை இன்னமும் நான் ஏற்கவில்லை. அது பட்டைப் பொறுத்தது. நீள பட்டுக்கு நடந்து போய்ப் பாதியில் நின்று சரிவைக் காலால் உணர வேண்டும். 3 அடிக்கு அந்த நடை எல்லாம் பார்வையாளருக்கு நாடகம், நமக்கு நடுக்கம். அதனால் முன்பகுதியை அவிழ்த்து விட்டுவிட்டேன். குந்துவதும் குந்தாததும் அன்றைய முட்டியின் விருப்பம். பின்னால் வருகிறவர்களுக்குக் காத்திருக்கும் எரிச்சல் வராமல் முடித்தால் சரி. விதிப் புத்தகமே 2019இலிருந்து, தடையில்லாமல் ஆட முடிகிற நிலை வந்தபின் 40 வினாடிக்கு மேல் போகாதீர்கள் என்று பரிந்துரைக்கிறது. ஒழுங்காக நடந்தால் அது தாராளம்.

மாறாதது கடைசிப் பகுதி மட்டும். பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே லைனில் ஓர் அடி தூரத்துக்குள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். நிறம் மாறின ஒரு புல், ஆறிப்போன பந்துத் தழும்பு, எது கிடைத்தாலும் சரி. பக்கத்தில் வந்து நிற்கும்போது 10 அடி தள்ளி இருக்கும் குழியை நம்ப வேண்டியதில்லை, காலடியில் இருக்கும் அந்தப் புல்லை நம்பினால் போதும். பக்கவாட்டுப் பார்வை செய்யும் குழப்பம் ஓரடிக்குள் பெரிதாக இருக்காது. சிலர் பந்தில் கோடு போட்டு அதை லைனுக்குத் திருப்பி வைக்கிறார்கள், அதுவும் இதே வேலைக்குத்தான். எனக்கு அந்தக் கோட்டைச் சரி செய்வதே ஒரு புதுக் கவலையாகிவிட்டதால் விட்டுவிட்டேன். அப்புறம் பட்டரின் முகத்தை அந்தப் புல்லுக்கு வைத்து, அதற்குப் பிறகு காலை வைக்கிறேன். முன்பெல்லாம் கால் முதலில் போகும், முகம் அதற்கு ஏற்ப வளையும். வேகத்துக்காகக் குழியை ஒரு பார்வை, இன்னொரு பார்வை, கண் பந்துக்கு வந்ததும் அடி. இதில் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பது இல்லை. இரண்டு பார்வைக்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால் முடிவு ஆகவில்லை என்று பொருள், எழுந்து பின்னால் போகிறேன்.

இந்த எழுந்து போவதுதான் உண்மையில் கஷ்டம். மற்றதெல்லாம் வீட்டுக் கூடத்தில் பாயில் அடித்தே பழகலாம். நாலு பேர் பார்க்க, பட்டரை வைத்துவிட்டு, இரண்டடி பட்டிலிருந்து எழுந்து விலகுவதற்குத் தனியாகத் துணிச்சல் வேண்டும். நம்மூரில் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'என்ன சார், இதுக்கே யோசிக்கிறீங்க?' என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். கிரீனுக்கு வெளியே அடுத்த கும்பல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அதற்காகத்தான் அடித்துத் தொலைக்கிறோம். சாண்டர்ஸுக்கும் அப்படி இருந்திருக்குமோ என்று தோன்றும், ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

கேடியிடம் கேட்பதையும் முன்பகுதிக்குத் தள்ளிவிட்டேன். முன்பு பந்தின் மேல் நின்றுகொண்டே 'வலது ஓரம்தானேண்ணே?' என்று கடைசி நேரத்தில் கேட்பேன். அவர் 'ஆமா சார்' என்பார். அந்த ஆமாவில் அரை நொடி தயக்கம் இருந்தாலும் போச்சு. இப்போது இரண்டு பேரும் பேசி, சண்டை இருந்தால் அதையும் போட்டு முடித்துவிட்டுத்தான் நான் பந்திடம் போகிறேன். என் கண்ணும் அவர் கண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், கிரெயின் அவருக்குத் தெரியும்.

இதனால் ஸ்கோர் குறைந்ததா என்று கேட்பீர்கள். ஒரே கிரீனில் மூன்று தடவை பட் அடிப்பது குறைந்திருக்கிறது. நீள பட்டுகளில் பெரிய மாற்றம் இல்லை, அது வேகத்தின் கதை, வேறு பயிற்சி. நடு தூரத்தில் இன்னமும் தவறுகிறேன், ஆனால் தவறினதும் ஏன் என்று தெரிகிறது. லைன் தப்பா, வேகம் தப்பா, இல்லை இரண்டும் சரியாக இருந்து புல் பழிவாங்கியதா என்று சொல்ல முடிகிறது. முன்பு எல்லாம் ஒரே சேற்றில் கலந்து கிடக்கும். எல்லாம் சரியாக இருந்தும் பட் தவறுவதை, 2021 ஆகஸ்ட் 7 காலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்குக்காக டிவி முன் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத என் சித்தப்பாகூட அன்று பட்டுக்குப் பட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிதிக்கு உலகத் தரவரிசையில் 200ஆவது இடம், தூரமாக அடிக்கிற ஆளும் இல்லை. டோக்கியோவில் அந்த வாரம் முழுக்க அவரை முன்னணியில் வைத்திருந்தது பட்டர்தான். கடைசிக் குழியில், குறித்த இலக்கைவிட ஓர் அடி குறைவாக முடிக்க உதவும் பேர்டி பட் விழவில்லை, ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கம் போய் நாலாவது இடம். அந்தப் பட்டில் அவர் தப்பாக எதையும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. 8 அடியில் உலகின் தலைசிறந்தவர்களுக்கே பாதிதான் விழுகிறது என்றால், அதற்கு மேல் தூரத்தில் ஒழுங்காக அடித்த பட்டும் வெளியே போகத்தான் செய்யும். சித்தப்பாவுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. 'அந்தப் பொண்ணு கொஞ்சம் அழுத்தி அடிச்சிருக்கலாம்' என்றே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிம்மி என்னும் தொல்லை

இப்போது எனக்கு மீதி இருக்கும் பிரச்சினை என் கூட ஆடுகிறவர்கள். நல்ல மனிதர்கள், அதுதான் பிரச்சினை. நட்பு ஆட்டத்தில் பந்து இரண்டடிக்குள் வந்து நின்றால் 'எடுத்துக்கோங்க சார், கிம்மி' என்று யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். கேடி பந்தை எடுத்தும்விடுவார். எதிராளி பட்டை விட்டுக்கொடுப்பது, யார் எத்தனை குழி ஜெயித்தார் என்று பார்க்கும் மேட்ச் பிளேயில் விதிப்படியே செல்லும். மெடலில் கிம்மி கிடையாது, ஒவ்வொன்றையும் போட்டே ஆக வேண்டும். ஆக, வாரம் முழுக்க அடிக்காமலேயே எடுத்துக்கொண்டு வந்த அதே இரண்டடியை, மாதத்தில் ஒரு நாள், ஸ்கோர் கார்டில் பெயர் எழுதிய பிறகு, முதல் முறையாக அடிக்கிறோம். மேலே சொன்ன கடைசிப் பகுதி பழக வேண்டிய தூரமே அதுதான், அதைத்தான் மரியாதைக்காக ஒருவருக்கொருவர் தள்ளுபடி செய்துகொள்கிறோம்.

நான் கிம்மி வேண்டாம் என்று அடிக்க ஆரம்பித்தேன். புல்லைப் பிடித்து, முகத்தை வைத்து, காலை வைத்து, இரண்டு பார்வை பார்த்து. முதல் வாரம் ஜோக் அடித்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், 'சார் ஒலிம்பிக்ஸுக்கு செலக்ட் ஆயிட்டாரு' என்றார். அதற்குப் பிறகு நேராகவே சொல்லிவிட்டார்கள்: நீங்கள் இப்படி ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டிருந்தால் நாங்களும் போட வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் எங்கள் ஸ்கோரைப் பார்த்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது, தவிர கேன்டீனில் பொங்கல் தீர்ந்துவிடுகிறது. நியாயமான புகார்தான். பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பட்டரின் பிடி நீளத்துக்குள் இருந்தால் கிம்மி, அதைத் தாண்டினால் எல்லோரும் போட வேண்டும். பேங்க் மேனேஜர் போன வாரம் புதிதாக ஒரு பட்டர் வாங்கி வந்தார், அதன் பிடி வழக்கத்தைவிட நல்ல நீளம். அளப்பது யாருடைய பட்டரால் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.